ஒரு பைசாவுக்கு ஒரு பத்திரிகை: அயோத்திதாசர் ‘தமிழன்’ தொடங்கிய கதை

சென்னைக்கு மேற்கே, போரூர் பக்கம் இருக்கிறது தண்டலம். துள்ளம் என்பது அதன் பழைய பெயர். 1883-ல் அங்கே பிறந்த திரு.வி.க., பிறகு ராயப்பேட்டையில் வளர்ந்தார். சிறுவயதில் அவருக்குக் கைகால் முடங்கி, பள்ளிக்கூடம் போவதே நின்றுபோனது. அவருக்கு வைத்தியம் பார்த்துக் குணப்படுத்தியவர் அதே ராயப்பேட்டையில் இருந்த ஒரு சித்த மருத்துவர். திரு.வி.க. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பையன் பின்னாளில் 1917-ல் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார், 1920-ல் ‘நவசக்தி’யைத் தொடங்கினார். தமிழ் இதழியல் பற்றி யார் பேசினாலும் இந்த இரண்டு பெயரும் வந்துவிடும். ஆனால் அவருக்கு மருந்து கொடுத்த அந்த வைத்தியரும் ஒரு பத்திரிகை நடத்தினார், அதுவும் திரு.வி.க.வுக்குப் பத்து வருஷம் முன்னாடியே. ஏழு வருடம் வாராவாரம் வந்த பத்திரிகை. அதன் பெயரைக்கூட நம் பத்திரிகை வரலாறுகள் நீண்ட காலம் சொல்லவில்லை. அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர்.

காத்தவராயன் அயோத்திதாசர் ஆனது எப்படி?

1845 மே 20-ம் தேதி சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் வீட்டில் பட்லராக வேலை பார்த்தவர். அந்தத் தாத்தாவிடம் திருக்குறள் ஓலைச்சுவடி ஒன்று இருந்ததாகவும், அதை அவர் ஹாரிங்டனிடம் கொடுக்க, அங்கிருந்து எல்லிஸ் கைக்குப் போய் அச்சுக்கு வந்ததாகவும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். வள்ளுவர் உருவம் பொறித்த நாணயம் வெளியிட்டவர் என்று இன்றும் பேசப்படுகிற அதே எல்லிஸ்தான்.

இந்தக் குடும்பக் கதையை அவர் ஏன் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் ஒதுக்கிவைத்த ஒரு குடும்பத்தின் வீட்டுப் பெட்டியில் திருக்குறள் இருந்திருக்கிறது. அதை அச்சில் படித்த உலகத்துக்கு அந்தப் பட்லரின் பெயர் தெரியாது. அவருடைய பிற்கால எழுத்து முழுக்க ஓடுகிற ஒரு ஆதங்கம் இதுதான்: சரக்கு எங்களுடையது, பெயர் மட்டும் வேறு யாருக்கோ.

இளமையில் தமிழும் சித்த மருத்துவமும் கற்றுக்கொடுத்த ஆசிரியர், வல்லகாளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதர். அவர் மேல் இருந்த மரியாதையில் காத்தவராயன் தன் பெயரையே ஆசிரியரின் பெயராக மாற்றிக்கொண்டார். தமிழோடு சம்ஸ்கிருதம், பாலி, ஆங்கிலமும் தெரியும்.

நீலகிரியில் இருந்தபோது 1870-களில் அத்வைதானந்த சபை என்று ஒன்றைத் தொடங்கினார். ஆமாம், அத்வைதம்தான். எல்லாம் ஒன்று என்று சொல்கிற தத்துவத்துக்குள் தன் மக்களுக்கும் ஒரு இடம் இருக்கும் என்று அந்த வயதில் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை உடைய அதிக காலம் ஆகவில்லை.

விக்டோரியா ஹாலில் நடந்தது

1881-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களை ஆதித் தமிழர் என்று பதிவு செய்யும்படி அரசிடம் கேட்டார். நடக்கவில்லை. 1886-ல், இவர்கள் இந்துக்கள் அல்லர், இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று அறிவித்தார். 1891 டிசம்பர் 1-ம் தேதி நீலகிரியில் மாநாடு கூட்டி, திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, கல்வி, வேலை, நிலம், பொதுக்கிணறு எல்லாம் கேட்டுத் தீர்மானங்கள் போட்டார்.

அடுத்த வருடம், 1892-ல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்குத் தன் மக்களின் பிரதிநிதியாகப் போனார். இடம், விக்டோரியா பப்ளிக் ஹால். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கிறதே, அதே கட்டடம். ஆவடி, அம்பத்தூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்குகிறவர்கள் தினமும் பார்க்கிற இடம்தான். அங்கே எழுந்து, விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் எங்களை ஏன் விடக்கூடாது என்று கேட்டார். சபையில் எதிர்ப்புக் கிளம்பியது. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒருவர், உங்களுக்கென்று மதுரைவீரன், காட்டேரி எல்லாம் இருக்கிறதே, பெரிய சாமிகள் எதற்கு என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அயோத்திதாசர் அடுத்த கோரிக்கைக்குப் போய்விட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு நாலாவது வகுப்பு வரைக்கும் இலவசக் கல்வி கொடுங்கள், புறம்போக்குத் தரிசு நிலத்தைக் கொடுங்கள். இவை தீர்மானமாகப் போயின.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடுத்தவர் கூட்டிய சபையில், அடுத்தவர் கொடுத்த சில நிமிடத்தில் பேசினால் என்ன நடக்கும் என்பது அன்றைக்கு அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அவருடைய மேடை பிறகு வேறாக ஆனது.

1898-ல் கர்னல் ஆல்காட் உதவியோடு இலங்கைக்குப் போய் பஞ்சசீலம் ஏற்று பௌத்தரானார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். மாலை நேரங்களில் அங்கே கூட்டம் நடக்கும். பகலில் வைத்தியம்.

முன்னாடி யாருமே பத்திரிகை நடத்தலையா?

நடத்தினார்கள். பலரும் செய்கிற தவறு, அயோத்திதாசரைத் தனி ஆளாக நிறுத்துவது. தாழ்த்தப்பட்டோர் நடத்திய தமிழ் இதழ்களின் வரிசை 1869-ல் வந்த ‘சூரியோதயம்’ வரை பின்னால் போகிறது. 1871-ல் ‘பஞ்சமன்’. 1880-களில் ஜான் ரத்தினம் நடத்திய ‘திராவிட பாண்டியன்’, அதில் அயோத்திதாசருக்கும் பங்கு உண்டு. பிறகு ‘மகாவிகடதூதன்’. 1893-ல் இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’. 1903-ல் ‘பூலோகவியாஸன்’. அதே காலகட்டத்தில் சொப்பனேஸ்வரி அம்மாள் ‘தமிழ் மாது’ என்ற பெண்கள் இதழை நடத்தியிருக்கிறார். இவற்றில் பெரும்பாலானவற்றின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. பெயர் மட்டும் மிச்சம்.

இதில் ‘பறையன்’ கதை தனியாகச் சொல்ல வேண்டியது. சீனிவாசன், அயோத்திதாசருக்கு மைத்துனர் முறை. நாலு பக்க மாத இதழாக, பத்து ரூபாய்ச் செலவில் ஆரம்பித்ததாக அவரே தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். மூன்று மாதத்தில் வார இதழானது. வழக்கு வந்தது, நூறு ரூபாய் அபராதம் கட்டினார், ஆனாலும் 1900 வரை நிறுத்தவில்லை.

மைத்துனர்கள் இருவருக்கும் ஒரு பெரிய கருத்து வேறுபாடு, பெயர் விஷயத்தில். எந்தச் சொல்லால் நம்மை இழிவுபடுத்துகிறார்களோ அதே சொல்லைத் தலை நிமிர்ந்து சொன்னால்தான் உரிமை கிடைக்கும், மறைத்துக்கொண்டால் கிடைக்காது என்பது சீனிவாசனின் கட்சி. அயோத்திதாசருக்கு அது ஒப்பவில்லை. அந்தப் பெயரே எதிரிகள் ஒட்டியது, பழைய பௌத்தர்களை வீழ்த்திய பிறகு அவர்கள் மேல் சுமத்தப்பட்டது என்று அவர் வாதாடினார். அடுத்தவன் ஒட்டின சீட்டை நான் ஏன் என் நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்கிற நிலை. யார் சொன்னது சரி? நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த விவாதம் முடியவில்லை. இரண்டு பேரும் தங்கள் பதிலைப் பத்திரிகையின் பெயராகவே வைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது.

1907, ஜூன் 19, புதன்கிழமை

அந்த வருடம் மே மாதம் பிபின் சந்திர பால் சென்னைக்கு வந்து கடற்கரையில் சுதேசிப் பிரசங்கம் செய்தார். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் சூடாக வந்துகொண்டிருந்தது. ‘சுதேசமித்திரன்’ நாளிதழாக நிலைபெற்றிருந்தது. அடுத்த மாதமே ராயப்பேட்டையிலிருந்து ஒரு நாலு பக்க வார இதழ் வந்தது. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’.

விலையும் பெயரும் ஒன்றேதான். அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு நாலு பைசா. அதாவது ஒரு ரூபாய் வைத்திருப்பவர் 64 வாரத்துக்கு இந்த இதழை வாங்கலாம். யாருக்காக நடத்தப்படுகிறது என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும். உயர்நிலை, இடைநிலை, கடைநிலை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத மக்களுக்கு நீதியும் நேர்மையும் சொல்ல, தத்துவம், இயற்கை அறிவு, கணிதம், இலக்கியம் தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து இதை வெளியிடுகிறார்கள் என்பதுதான் முதல் இதழ் சொன்ன நோக்கம்.

ஒரு வருடம் கழித்து, வாசகர்கள் கேட்டுக்கொண்டதால், பெயரில் இருந்த விலை போனது. 1908 ஆகஸ்ட் 26 முதல் வெறும் ‘தமிழன்’. யாரை ஊருக்குள்ளேயே சேர்க்கவில்லையோ அவர்கள் நடத்துகிற இதழ் தன்னைத் தமிழன் என்று அழைத்துக்கொண்டது. இன்று இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு அது பெரிய உரிமைகோரல்.

அதில் என்ன இருந்தது? யார் எழுதினார்கள்?

அரசியல் கேள்விகள், பௌத்தம், தமிழ் இலக்கியம், வைத்தியக் குறிப்பு, விவசாயம், வாசகர் சந்தேகங்களுக்கு ஆசிரியர் பதில், ஊர் ஊராக நடக்கும் சாதிக் கொடுமைகள் பற்றிய கடிதங்கள் என்று எல்லாம் கலந்து இருந்தன. சுதேசிக்காரர்களைப் பார்த்து அவர் கேட்ட கேள்விகள் கடுமையானவை. சொந்த ஊர்க்காரனைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் வைத்துக்கொண்டு யாருக்காகச் சுயராஜ்யம் கேட்கிறீர்கள் என்பதுதான் அவற்றின் சாரம்.

தொடராக வந்தவற்றில் முக்கியமானது ‘இந்திரர் தேச சரித்திரம்’. இந்த நாட்டின் பழைய வரலாற்றை பௌத்தர்களின் வரலாறாகத் திருப்பி எழுதும் முயற்சி அது. ‘ஆதிவேதம்’ என்ற பெயரில் புத்தரின் வாழ்க்கை வந்தது. திருக்குறளைத் திரிக்குறள் என்று பௌத்த நூலாகப் படித்து உரை எழுதினார். ஔவையாரின் நீதி நூல்களுக்கும் அப்படியே. தன் தாத்தா பெட்டியில் இருந்த சுவடிக்கு அவர் எழுதிய உரை என்றே அதைச் சொல்லலாம்.

அவருடைய சொல்லாராய்ச்சிகள் எல்லாமே இன்றைய மொழியியலில் நிற்காது. பல இடங்களில் ஒரு சொல்லைத் தனக்கு வேண்டிய பக்கம் இழுக்கிறார் என்று தோன்றும். ஆனால் பழைய தமிழகத்தில் பௌத்தம் ஆழமாக வேரூன்றி இருந்தது என்ற அடிப்படை விஷயத்தில் அவர் தவறவில்லை. பூந்தமல்லிக்குப் பக்கத்தில், மாங்காட்டை ஒட்டிய பட்டூர் போன்ற ஊர்களில் பழைய புத்தர் சிலைகள் கிடைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட தடயங்களை மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் தொகுத்தது 1940-ல். ‘தமிழன்’ அதற்கு முப்பது வருடம் முந்தியது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. சாதியை இவ்வளவு தீவிரமாக எதிர்த்தவர், சக்கிலியர், குறவர் போன்ற வேறு சில ஒடுக்கப்பட்ட சமூகங்களைப் பற்றி எழுதும்போது அவர்களைத் தன் மக்களிடமிருந்து பிரித்துக் கீழே வைத்தார். இதற்காக இன்றும் அவர் மேல் விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. வெள்ளைக்கார ஆட்சியை அவர் பெரிதாக நம்பியதையும் பலர் குறை சொல்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள, விக்டோரியா ஹாலில் அவருக்குக் கிடைத்த பதிலையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

எழுதியவர்களில் பேராசிரியர் லட்சுமி நரசு இருந்தார். அவருடைய ‘பௌத்தத்தின் சாரம்’ ஆங்கில நூல் வெளியானதும் இதே 1907-ல்தான். பல வருடம் கழித்து 1948-ல் அம்பேத்கர் அதற்கு முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ம. சிங்காரவேலரும் சாக்கிய பௌத்த சங்க வட்டத்தில் இருந்தவர். இவர்கள் பெயர் தெரிந்த ஆட்கள். பெயர் தெரியாத வாசகர்கள் எழுதிய கடிதங்களும் கட்டுரைகளும்தான் இதழின் உயிர். புலவர், வைத்தியர், சோதிடர், பள்ளி வாத்தியார், சுரங்கத் தொழிலாளி என்று பலர். மற்றப் பத்திரிகைகளில் இவர்களுக்கு இடம் கிடைத்திருக்காது. கிடைத்தாலும் இவர்களைப் பற்றிய செய்தியாகத்தான் கிடைத்திருக்கும்.

காசு எங்கிருந்து வந்துச்சு?

பைசாவுக்குப் பத்திரிகை விற்றால் அச்சுக்கூலிக்கே கட்டாது. சிறுபத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கைகொடுத்தது கோலார் தங்கவயல். வட ஆற்காடு பக்கமிருந்து பிழைக்கப் போன ஏராளமான தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தன. உயிரைப் பணயம் வைக்கிற வேலை, ஆனால் கையில் கூலி ரொக்கமாக வந்தது, ஊர்க் கவுண்டர், நாட்டாமை தொந்தரவு இல்லை. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இருந்தது. அந்த வாசகர்கள் திரட்டிக் கொடுத்த உதவியில்தான் ‘தமிழன்’ சொந்த அச்சுக்கூடம் பெற்றது. அதற்கு கௌதமர் பெயர். பூமிக்கடியில் வேறு யாருக்கோ தங்கம் தோண்டியவர்கள், மேலே வந்து தங்களுக்காக ஈய எழுத்து வாங்கினார்கள். ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்க் கூலிகள் போன இடமெல்லாம் இதழும் போனது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் இதே மாதிரி ஒன்று நடந்தது. அமெரிக்காவில் கறுப்பர்கள் தாங்களே நடத்திய முதல் பத்திரிகை 1827-ல் நியூயார்க்கில் வந்த ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’. 1910-ல் டு போய்ஸ் ‘தி கிரைசிஸ்’ மாத இதழைத் தொடங்கினார். வெள்ளையர் இதழ்கள் கண்டுகொள்ளாத கறுப்பு எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் அது வாசல் திறந்தது. லாங்ஸ்டன் ஹியூஸின் புகழ்பெற்ற கவிதை ஒன்று 1921-ல் அதில்தான் வந்தது. ‘தி கிரைசிஸ்’ பின்னால் ஒரு பெரிய அமைப்பு இருந்தது. ராயப்பேட்டையில் இருந்தது ஒரு வைத்தியரும் சுரங்கத் தொழிலாளர்களின் சந்தாவும்.

பிறகு?

1914 மே 5-ம் தேதி அயோத்திதாசர் காலமானார். 69 வயது நிறைய இரண்டு வாரம் பாக்கி. மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் இதழைத் தொடர்ந்தார். பிறகு நின்றது. 1926-ல் கோலார் தங்கவயலிலேயே, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க, ‘தமிழன்’ மறுபடி வந்தது. 1930-களின் நடுப்பகுதி வரை ஓடியது. காசு கொடுத்த ஊரே கடைசியில் பத்திரிகையையும் எடுத்து நடத்தியது.

அதற்கப்புறம் நீண்ட மௌனம். பள்ளிப் பாடத்தில் பெயர் கிடையாது. பழைய இதழ்களைச் சிலர் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் அன்பு பொன்னோவியம். கரையானுக்கும் மழைக்கும் தப்பிய அந்தக் கட்டுகளிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு பெரிய தொகுதிகளாக 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்திலிருந்து வெளிவந்தது. அவர் இறந்து 85 வருடம் கழித்து. இன்று அவரைப் பற்றி டி. தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் போன்றவர்கள் எழுதும் புத்தகங்களுக்கெல்லாம் அடித்தளம் அந்தத் தொகுதிகள்தான். ‘சூரியோதயம்’, ‘பஞ்சமன்’ கட்டுகளை அப்படி யாரும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

2005-ல் அவருக்குத் தபால்தலை வந்தது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபம் எழுந்திருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கும் அவர் பெயர்தான். பூந்தமல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும்கூட மூட்டுவலிக்காகக் காலையிலேயே கிளம்பி வந்து, சீட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே வரிசையில் நிற்கிறார்கள்.